கைப்பிடியில் தொப்பி இல்லை

“நீங்க விசில் ஊதினீங்க. அதுல யாருக்கும் சந்தேகமே இல்லை” என்றார் மேனேஜர்.

எதிரே உட்கார்ந்திருந்தவரின் பார்வை மேனேஜரின் தோளைத் தாண்டிப் போய், பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் குத்திட்டு நின்றது. அலமாரிக் கதவில் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது.

“நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் அம்மா விசாரணைக்கு வர்றாங்க. கேட்பாங்க. ‘வழக்கம்போல ஊதினேன் அம்மா’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் வேலை. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“அப்போ தப்பு யார் மேல சார் வரும்?”

மேனேஜர் மேசைக் கண்ணாடியில் இல்லாத தூசியை விரலால் துடைத்தார். “தொப்பியை எடுத்த ஃபிட்டர் மேல கொஞ்சம் வரும். விசில் கேட்டும் வெளியே வராதவர் மேல கொஞ்சம். போனவரைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதுதான். ஆனா நடந்ததை மறைக்க முடியுமா, சொல்லுங்க?”

இறந்துபோனவர், எதிரே உட்கார்ந்திருந்தவருக்குச் சகலை. மனைவியின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர். அவரை இந்த ஆலையில் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வேலைக்குச் சேர்த்துவிட்டதும் இவர்தான்.

ஆலையில் இவருக்குப் பெயரே விசில்தான். கேண்டீனில் “விசிலுக்கு ஒரு டீ” என்பார்கள். வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையில் இருக்கிற அவர் பெயரைக் காட்டினால், “இது யாரு?” என்று கேட்கிறவர்கள்தான் அங்கே அதிகம். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் பித்தளை விசில். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று சொல்வார்கள். அதுகூட இல்லை என்பது சகலையின் கட்சி. “எங்க சகல சொந்த வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியும் ஒரு ஊது ஊதுவாரு. அண்ணி கையில இருக்கிற கரண்டியைக் கீழே வைக்க நேரம் குடுக்கணும்ல?” என்று ஊரைக் கூட்டிச் சிரிப்பார். இவரும் விடமாட்டார். “உன் வீட்டுல கரண்டி பறக்கிற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்குது சகல. முதல்ல நீ ஒரு ஹெல்மெட் வாங்கு.”

அது மாட்டுத் தீவனம் தயாரிக்கும் ஆலை. தவிடும் சோளமும் பிண்ணாக்கும் மேலிருந்து கொட்டும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு குழாய் வழியாக வந்து சேரும். எல்லாவற்றையும் போட்டுக் கிளறுவது அறை அகலத்துக்கு ஒரு இரும்பு உருளை. உள்ளே ஆள் உயரத்துக்கு அலகுகள் சுழலும். அதற்கு மிக்ஸர் என்று பெயர் எழுதியிருந்தாலும், வேலை செய்கிறவர்கள் வாயில் அது பானை. அந்தப் பாகு இருக்கிறதே, சூட்டில் எண்ணெயாக ஓடும், ஆறினால் கல்லாக இறுகும். இரண்டுக்கும் நடுவில் தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அலகில் அப்பிய பாகை ஆள் உள்ளே இறங்கித்தான் சுரண்டியாக வேண்டும்.

பானையை ஓட்டும் கைப்பிடி சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது, பானையின் வாய் அந்தப் பக்கம். கட்டிய புண்ணியவான் ஏன் அப்படிக் கட்டினான் என்று யாருக்கும் தெரியாது. கைப்பிடியைத் தூக்குகிறவருக்கு உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. அதற்காகத்தான் தொப்பி. உள்ளே இறங்குகிறவர் தன் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். ஏறி வந்ததும் தன் தொப்பியைத் தானே எடுத்துக்கொள்வார். அடுத்தவர் தொப்பியைத் தொடக் கூடாது. தொட்டால் கை அழுகிப் போகும் என்று ஒரு பேச்சு. தொப்பி தொங்கும்வரை முதலாளியே வந்து நின்றாலும் கைப்பிடி மேலே போகாது.

தொப்பி இல்லாவிட்டாலும் சட்டென்று தூக்கிவிட மாட்டார்கள். முதலில் விசில். நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. உள்ளே யாராவது இருந்தால் சுரண்டியால் பானையில் தட்டுவார்கள். அந்தத் தட்டலுக்குக் காது கொடுத்துக் காத்திருந்துவிட்டுத்தான் கைப்பிடியில் கை வைப்பார் விசில். அதில் ஒருநாளும் அவர் பிசகியதில்லை. அப்படித்தான் ஆலை முழுக்க நம்பியது.

அன்று நடந்ததில் ஊருக்குத் தெரிந்த பாதி இது. டீ நேரத்தில் சகலையும் ஃபிட்டரும் பானைக்குள் இறங்கினார்கள். சகலை முதலில் தன் தொப்பியை மாட்டினார். ஃபிட்டர் அதன் மேலேயே தன்னுடையதை மாட்டினார். எல்லாருக்கும் கம்பெனி கொடுத்த ஒரே அளவுத் தொப்பி, எல்லாவற்றிலும் பாகுப் பிசுக்கு. பெரிய ஸ்பேனர் எடுக்க ஃபிட்டர் வெளியே வந்தார். போகிற போக்கில் தன் தொப்பியை இழுத்துப் பின்பையில் திணித்தார். கிண்ணத்துக்குள் கிண்ணமாகச் சகலையின் தொப்பியும் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. கைப்பிடி வெறுமையாக நின்றது.

மறு பாதி விசிலுக்கு மட்டும் தெரியும். கேண்டீனில் அவர் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி அலறியது. “மிக்ஸர் ஆபரேட்டர் உடனே வரவும், லாரி நிக்குது, லாரி நிக்குது.” மேனேஜரின் குரல். பன்னை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினார். கைப்பிடியைப் பார்த்தார், தொப்பி இல்லை. கை விசிலுக்குப் போனது. ஆனால் வாய் நிறையப் பன். மென்று விழுங்க வேண்டும், அப்புறம் ஊத வேண்டும். பக்கத்திலிருந்த போன் அடித்தது. எடுக்காமலே தெரியும், அதுவும் லாரிதான். தொப்பிதான் இல்லையே என்று நினைத்தார். இடது கையால் போனை எடுத்தார், வலது கையால் கைப்பிடியைத் தூக்கினார்.

அப்புறம் கேட்ட சத்தத்தை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தவரை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார் சங்கத் தலைவர். நல்ல மனிதர், குரல் மட்டும் எப்போதும் மேடையிலேயே இருக்கும்.

“என்னய்யா சொன்னான் அந்த ஆளு?”

“ஊதினேன்னு சொல்லச் சொல்றார்.”

“மாட்டிக்காதே! நீ ஊதினேன்னு சொன்னா, செத்தவன் கேட்டும் வரலை, அவன் கவனக்குறைவுன்னு எழுதிடுவான். நீ ஊதலைன்னு சொன்னா, தப்பு உன் சொந்தத் தப்பு, கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதிடுவான். பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றித்தான் விழும். நீ என்ன பண்றே, ஞாபகம் இல்லைன்னு சொல்றே. அதிர்ச்சியில எல்லாம் மறந்துபோச்சு. புரியுதா?”

“மறக்கலையே.”

தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் குரல் மேடையிலிருந்து இறங்கியது. “என்ன மறக்கலை?”

விசிலின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. தலைவர் அந்தக் கையைப் பார்த்தார். “நான் எதையும் கேட்கலை. எனக்கு எதுவும் தெரியாது” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வீட்டில் கொழுந்தியாள் இருந்தாள். காரியம் முடிந்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தாள். விசில் செருப்பைக் கழற்றும்போதே கிணற்றடிக் குழாயிலிருந்து அவள் குரல் வந்தது. சகலையின் டிபன் கேரியரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்ததுதான். தினமும் தேய்க்கிறாள் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

“காதுல பஞ்சா வச்சிருந்தீங்க?” என்று கேரியரைக் கேட்டாள். “கூப்பிட்டா ஒரு தடவைல திரும்பினது உண்டா? குழந்தை தொண்டை கிழியக் கத்தினாக் கேட்காது. பால் பொங்கினாக் கேட்காது. பேப்பர்ல மூஞ்சியைப் புதைச்சா இடி விழுந்தாலும் கேட்காது. அத்தான் ஊதியிருக்கார். தெருக்கோடி நாய்கூட எழுந்து நிக்கும் அந்தச் சத்தத்துக்கு. அதுகூடவா கேட்கலை உங்களுக்கு? எங்களை இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போறதுக்கு அப்படி என்ன செவிடு?”

கேரியர் மூடி கைநழுவிச் சிமெண்டுத் தரையில் உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. உருண்டு உருண்டு அது தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் வாசற்படியிலேயே நின்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்து, “வாங்க அத்தான். சாப்பிட்டீங்களா?” என்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

சமையலறையில் மனைவியிடம் சொன்னார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை. வேகம்தான் கூடியது.

“ஊதலையா?”

“வாயில பன் இருந்துது.”

“பன்.” அந்தச் சொல்லை அவள் கடிபட்ட கல்லைப் போலத் துப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, கிணற்றடியில் இருப்பவளுக்குக் கேட்காத குரலில், “ஊதினேன்னே சொல்லுங்க” என்றாள்.

“உன் தங்கச்சி அவரைத் திட்டிக்கிட்டே இருக்காளே.”

“திட்டட்டும். செத்தவருக்கு என்ன, வலிக்கவா போகுது? நீங்க உள்ளே போயிட்டா இந்த ரெண்டு வீட்டையும் யார் பார்க்கறது? அவ உங்க மூஞ்சியில முழிப்பாளா? நான் யார் பக்கம் நிக்கறது? அதை யோசிச்சீங்களா?”

அவர் யோசித்திருந்தார்.

மறுநாள் விசாரணை மேனேஜர் அறையிலேயே நடந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக இருந்தார். கேள்விகள் மட்டும் மூக்கடைப்பு இல்லாமல் வந்தன. சுவரோரம் ஃபிட்டர், சங்கத் தலைவர், ஓர் எழுத்தர். ஜன்னல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கொழுந்தியாள், அவளுக்குத் துணையாக மனைவி. மேனேஜர் தன் வழக்கமான இடத்தில். அவருக்குப் பின்னால் அலமாரியும் சிவப்புப் பூட்டும்.

ஃபிட்டர் முதலில் பேசினார். “ஒட்டிக்கிட்டு இருந்துது அம்மா. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. கையில கனமே தெரியலை.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உட்காரச் சொன்ன பிறகும் நின்றார்.

“நீங்கதான் ஆபரேட்டரா? தூக்கறதுக்கு முன்னாடி விசில் ஊதினீங்களா?”

மின்விசிறி கிறீச்சிட்டது. மேனேஜர் கண்ணால் ஊக்கம் கொடுத்தார். சங்கத் தலைவர் நெற்றியைத் தட்டிக் காட்டினார், மறந்துபோச்சு, மறந்துபோச்சு என்று. மனைவி தரையைப் பார்த்தாள். கொழுந்தியாள் அவரைப் பார்க்கவே இல்லை. பதில் தெரிந்த கேள்விக்கு யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? அவள் உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன. இங்கேயும் சகலையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

“இல்லை அம்மா. ஊதலை.”

“சத்தமாச் சொல்லுங்க.”

“ஊதலை. வாயில பன் இருந்துது. விழுங்கிட்டு ஊதியிருக்கணும். விழுங்கறதுக்குள்ள தூக்கிட்டேன்.”

உதடுகள் நின்றன. கொழுந்தியாள் மெல்லத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மேலே பேச முடியாது.

மேனேஜர் சுதாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாராட்டுவது போலத் தலையசைத்தார். “நேர்மையான மனுஷன். அவரே சொல்லிட்டார். அப்போ விஷயம் தெளிவு அம்மா. தனிப்பட்ட ஒருத்தரோட கவனக்குறைவு. கம்பெனி விதி போட்டிருக்கு, மீறினது இவர். அதுமட்டும் இல்லை, ஆளுக்கொரு பூட்டுகூட வாங்கிக் குடுத்திருக்கோம். உள்ளே போறவர் கைப்பிடியைக் கீழே வச்சுப் பூட்டிட்டுச் சாவியைத் தன்னோட எடுத்துட்டுப் போகணும். இவங்களாத்தான் தொப்பி, கிப்பின்னு சொந்தமா ஒரு வழக்கத்தை வச்சுக்கிட்டாங்க.”

இன்ஸ்பெக்டர் அம்மா மூக்கைத் துடைத்தார். “அந்தப் பூட்டெல்லாம் இப்போ எங்கே?”

“இருக்கும். ஸ்டோர்ல.”

“ஒண்ணு உங்க பின்னாலயே இருக்கு சார்” என்றார் விசில்.

எல்லாருடைய தலையும் ஒன்றாகத் திரும்பியது. மேனேஜர் மட்டும் திரும்பவில்லை.

“இன்னொண்ணு கேண்டீன் பால் பெட்டியில. ஒண்ணு சைக்கிள் ஷெட்டுல. முதலாளி கார் நிக்கிற கேட்டுல ஒண்ணு” என்று விசில் தொடர்ந்தார். “வாங்கின புதுசுல நாங்க போட்டுக்கிட்டுத்தான் இருந்தோம் அம்மா. ஒருநாள் ஒருத்தர் சாவியைத் தொலைச்சுட்டார். பானை அன்னைக்குப் பூரா ஓடலை. சார் வந்து பூட்டை அறுக்கச் சொன்னார். ‘இனிமே தொப்பி போதும்ப்பா, தொப்பிக்குச் சாவி தொலையாது’ன்னார். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். என் சகலையும் சிரிச்சார்.”

“இது அந்தப் பூட்டு இல்லை, அம்மா. கடையில சிவப்புல எத்தனையோ...”

இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். பூட்டைக் கையால் நிமிர்த்திப் பார்த்தார். அதன் வயிற்றில் வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார், எழுத்தர் எழுதிக்கொள்வதற்காக.

“‘ஆபத்து. ஆள் உள்ளே.’” பிறகு மேனேஜரைப் பார்த்தார். “திறங்க.”

மேனேஜர் சாவிக் கொத்தில் தேடினார். கிடைக்க நேரமாயிற்று. கதவு திறந்தது. உள்ளே விருந்தினருக்கான பீங்கான் கோப்பைகள், டீத்தூள் டப்பா, தட்டு தட்டாகப் பிஸ்கட் பாக்கெட்டுகள்.



கொழுந்தியாள் எழுந்து நின்றாள். மேனேஜர் அவசரமாக அவள் பக்கம் திரும்பினார். “உட்காரும்மா. உன் மனசு எனக்குப் புரியுது. சொந்தக்காரரே இப்படிப் பண்ணிட்டாரேன்னு...”

அவள் அவரைச் சட்டை செய்யவில்லை. விசிலிடம் கேட்டாள். “ஊதியிருந்தா வந்திருப்பாரா?”

“வந்திருப்பார்.”

“அவருக்குக் காது கேட்கும்தானே?”

“நல்லாக் கேட்கும். ஊதி முடிக்கிறதுக்குள்ள உள்ளேயிருந்து தட்டுவார். எத்தனை பேர் இருந்தாலும் முதல் தட்டு அவரோடதுதான்.”

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மனைவி தோளைத் தொட்டாள், கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அத்தனை நாளாகத் திட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறவள் போல இருந்தது அந்த நிலை.

பிறகு மேனேஜரிடம் பேசினாள். “இவர் பண்ணினது எங்க வீட்டுச் சண்டை சார். அதை நான் என் ஆயுசுக்கும் போட்டுக்கறேன், உங்களுக்கு அதுல இடம் இல்லை. பிஸ்கட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டு என் வீட்டுக்காரருக்குத் தொப்பியைக் குடுத்தீங்களே, அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க.”

“எழுதிக்கோங்க” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா எழுத்தரிடம். விசில் பக்கம் திரும்பி, “உங்க மேலயும் வழக்கு வரும். தெரியும்ல?” என்றார்.

“என் பங்கை எழுதிக்கோங்க அம்மா. எல்லாத்தையும் என் தலையிலயே எழுதாம இருந்தாச் சரி.”

வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பெனி பெயரும் அதில் இருக்கிறது, அவர் பெயரும் இருக்கிறது. பானையின் கைப்பிடியில் இப்போது சிவப்புப் பூட்டுகள் தொங்குகின்றன என்று ஃபிட்டர் வந்து சொன்னார். விசிலுக்கு ஆலையில் வேலை இல்லை. மரக்கடை ஒன்றில் பலகை அடுக்குகிறார். அங்கே யாருக்கும் அவர் விசில் இல்லை. பித்தளை விசிலை விசாரணை நடந்த அன்றே மேனேஜர் மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

அன்று மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவும் தங்கையும் ஓர் இருக்கையில். இடம் காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். தெரு முனையில் அவர்கள் முன்னால் நடந்தார்கள். இவர் வேண்டுமென்றே பின்தங்கினார். வாசலுக்கு வந்தபோது இருவரும் உள்ளே போயிருந்தார்கள். கதவு திறந்திருந்தது.

வாசற்படியில் கால் வைக்கவில்லை அவர். சொந்த வீடுதான். ஆனால் உள்ளே யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி நுழைவது? கை தானாகக் கழுத்துக்குப் போனது. கயிறு இல்லை. உள்ளே கொழுந்தியாளின் குரல் எதையும் திட்டவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது. டிபன் கேரியர் இல்லை, தட்டுகள். அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“அக்கா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “உன் வீட்டுக்காரர் வாசல்லயே நிக்கறார். உள்ளே வரச் சொல்லு. சாப்பாடு ஆறுது.”

உன் வீட்டுக்காரர். அத்தான் இல்லை.

அவர் செருப்பைக் கழற்றினார்.